சர்வருக்கு அதன் முகவரியைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னை முழுக்க வீட்டு மாடியறைகளிலும் சிறிய அலுவலகங்களிலும் உட்கார்ந்து கோட் எழுதுகிற, சர்வர் ஏற்றுகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



நம் பகுதியின் பள்ளிகளுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கும் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கும் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் கிளியரிங் ஏஜென்ட்டுகளுக்கும் வெப் சர்வீஸ் செய்து கொடுப்பவர்கள் நீங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த வேலைக்கு ஆள் தேடி கிண்டிக்கோ பழைய மகாபலிபுரம் சாலைக்கோ போக வேண்டியிருந்தது. இன்று மூலக்கடையைத் தாண்டாமலேயே முடிகிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் சர்வர் தொடங்கும்போது, வெளியுலகம் எந்த முழு முகவரியில் அதைத் தேடி வரப்போகிறது என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் அது தொடங்கவே கூடாது.

முழு முகவரி என்று நான் சொல்வதில் நான்கு துண்டுகள் உண்டு. எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது முதல் துண்டு. டொமைன் பெயர் இரண்டாவது. போர்ட் எண் மூன்றாவது. அந்த டொமைனுக்குள் உங்கள் சர்வீஸ் எந்தப் பாதையின்கீழ் இருக்கிறது என்பது நான்காவது. நான்கில் ஒன்று பிசகினாலும் லிங்க் திறக்காது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். முத்தமிழ் நகரில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா, ஒருநாள் பரிசோதனைக் கூடத்து பில்லை எடுத்துக்கொண்டு வந்தார். பில்லின் அடியில் ஒரு க்யூஆர் கோட். அதை ஸ்கேன் செய்தால் ரிப்போர்ட் வரும் என்று பக்கத்திலேயே தமிழில் அச்சடித்திருந்தார்கள். அவர் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “நெட் பேக் தீர்ந்துபோச்சான்னு கொஞ்சம் பாரேன் தம்பி” என்றார். நெட் பேக்கில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கோடுக்குள் இருந்த லிங்க் எச்டிடிபி என்று தொடங்கி, 10.0.3.17 என்ற எண்ணைத் தாங்கி, 8080 என்ற போர்ட்டில் போய் நின்றது. 10-இல் தொடங்கும் இந்த எண்கள் ஒரு நிறுவனத்தின் உள்வலைக்குள் மட்டும் புழங்குவதற்கென்று 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் ஒதுக்கி வைத்தவை. அந்த வலைக்கு வெளியே எந்தப் போனிலும் அது திறக்கப்போவதில்லை. மறுநாள் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அக்கா, ரிப்போர்ட்டைக் கையில் வாங்க மறுபடியும் ஆட்டோ பிடித்தார்.

அந்தக் கூடத்தின் மென்பொருளில் ரிப்போர்ட் சரியாகத்தான் இருந்திருக்கும். டேட்டாபேஸ் சரி, கணக்கு சரி, அச்சும் சரி. தான் எங்கே இருக்கிறோம் என்பது மட்டும் அந்த சர்வருக்குத் தெரியவில்லை. எழுதியவருக்கு அது ஒரு வரி. அக்காவுக்கு அரைநாள் கூலி.

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். எல்லா லிங்குக்கும் முழு முகவரி தேவையில்லை. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க், படம், ஸ்டைல் கோப்பு இவற்றுக்கெல்லாம் பாதையை மட்டும் கொடுத்தால் போதும். பிரௌசர் தான் ஏற்கெனவே நிற்கும் டொமைனோடு அதைச் சேர்த்துக்கொள்ளும். அங்கே முழு முகவரியை நுழைப்பது வீண் வேலை. பிரௌசரை விட்டு வெளியேறிப் போகிற லிங்குகளுக்குத்தான் முழு முகவரி வேண்டும். மின்னஞ்சல், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் செய்தி, பிடிஎஃப் ரசீது, க்யூஆர் கோட், பணம் கட்டி முடித்ததும் பேமெண்ட் கேட்வே திரும்பி வர வேண்டிய இடம், கூகுள் கணக்கால் லாகின் செய்த பிறகு திரும்பி வர வேண்டிய இடம், இன்னொரு நிறுவனத்தின் சர்வர் நம்மைக் கூப்பிட வேண்டிய இடம் எல்லாம் இந்த வகை. இவற்றில் பல, யாரும் பக்கத்தைத் திறக்காத நேரத்தில் உருவாகின்றன. அதிகாலை 2 மணிக்கு ஓடும் வேலை ஒன்று ஆயிரம் பெற்றோருக்குக் கட்டண நினைவூட்டல் அனுப்பும்போது, பார்த்துத் தெரிந்துகொள்ள எந்த ரிக்வெஸ்டும் முன்னால் இருக்காது. ஆகவே, முகவரி தொடக்கத்திலேயே கையில் இருந்தாக வேண்டும்.

இனி, சர்வர் தொடங்கும் நொடியில் அதற்கு உண்மையில் என்னதான் தெரியும் என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். நீங்கள் டாக்கர் கன்டெய்னர் ஒன்றுக்குள் சர்வீஸை ஓடவிடுகிறீர்கள். அது இயங்குதளத்திடம், “8080 போர்ட்டில் வருவதையெல்லாம் எனக்குக் கொடு” என்று கேட்கிறது. எந்த முகவரியில் என்று கேட்டால் 0.0.0.0 என்கிறது. அது முகவரியே இல்லை. இந்த எந்திரத்தின் எல்லா வலை இணைப்புகளிலும் காது கொடுக்கிறேன் என்பதுதான் அதற்குப் பொருள். ஹோஸ்ட்நேம் என்ன என்று கேட்டால் கன்டெய்னரின் அடையாள எண்ணிலிருந்து முதல் 12 எழுத்துகள் பதிலாக வரும். ஐபி கேட்டால் 172.17.0.2 போன்ற ஓர் உள்வலை எண் வரும். அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ் நிற்கிறது. அதற்கும் முன்னால் லோட் பேலன்சர் நிற்கிறது. டிஎல்எஸ் பூட்டு அங்கேயே திறக்கப்பட்டு, உள்ளே வெறும் எச்டிடிபியாகத்தான் வருகிறது. பாதையின் முதல் துண்டை என்ஜின்எக்ஸ் வெட்டிவிட்டு மீதியை மட்டும் தள்ளிவிடுகிறது.

இப்போது நான்கு துண்டுகளையும் எடுத்து வைத்துப் பாருங்கள். வெளியே எச்டிடிபிஎஸ், உள்ளே எச்டிடிபி. வெளியே டொமைன் பெயர், உள்ளே 12 எழுத்து. வெளியே 443, உள்ளே 8080. வெளியே ஒரு பாதை, உள்ளே வேறொரு பாதை. நான்கில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இதில் சர்வரின் குறை எதுவும் இல்லை. முகவரி என்பது வெளியிலிருந்து கொடுக்கப்படுவது. சென்னை வீடுகளின் வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செங்கலைத் தட்டிப் பார்த்து யாரும் கதவு எண்ணைக் கண்டுபிடித்ததில்லை. மாநகராட்சி கொடுத்தது, வீட்டுக்காரர் வாசலில் எழுதி வைத்தார், தபால்காரர் வந்தார். சர்வர் விஷயமும் அப்படியே.

இருந்தாலும் குறுக்குவழி தேடும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். ஐபி எண்ணிலிருந்து டிஎன்எஸ் வழியாகப் பெயரைத் திருப்பிக் கேட்கலாம் என்பார்கள். கிளவுட் நிறுவனம் தான் வைத்த நீண்ட பெயரைக் கொடுக்கும். உங்கள் வாடிக்கையாளரின் டொமைன் அதில் இருக்காது. டிஎல்எஸ் சான்றிதழைத் திறந்து படிக்கலாம் என்பார்கள். ஒரே சான்றிதழில் பல பெயர்கள் இருக்கலாம், நட்சத்திரக் குறி போட்ட பெயரும் இருக்கலாம். அதில் எது உங்களுடையது என்று யார் சொல்வது? அதோடு, சான்றிதழ் பெரும்பாலும் லோட் பேலன்சரிடம்தான் இருக்கும். கிளவுடுக்குள் 169.254.169.254 என்ற முகவரியில் எந்திரத்தைப் பற்றிய விவரங்களைக் கேட்கலாம் என்பார்கள். அது வெளி ஐபியைச் சொல்லக்கூடும், டொமைனைச் சொல்லாது. ‘என் ஐபி என்ன’ என்று சொல்லும் வெளித்தளம் ஒன்றைக் கூப்பிடலாம் என்பார்கள். நீங்கள் வெளியே போகும் வழியின் எண்தான் அதற்குத் தெரியும். மக்கள் உள்ளே வரும் வழி வேறாக இருக்கலாம். வீட்டு பிராட்பேண்டில் சர்வர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பல இணைப்புகளில் உங்கள் ரௌட்டருக்கே தனி வெளி எண் கிடையாது. இணைய நிறுவனம் 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் எண் ஒன்றைக் கொடுத்து, பல வீடுகளை ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும். அந்த எண் வரிசை 2012-இல் ஆர்எஃப்சி 6598 மூலம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

ஜாவாவில் வேலை செய்பவர்கள் இந்தச் சுவரில் முட்டியிருப்பீர்கள். சர்வ்லெட் 2.5 வந்தபோது, அப்ளிகேஷன் தொடங்கும்போதே அதன் கான்டெக்ஸ்ட் பாதையைக் கேட்டு வாங்கும் வசதி வந்தது. ஆனால் எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா, எந்த சர்வர் பெயர், எந்த போர்ட் என்ற மூன்றையும் ரிக்வெஸ்ட் வந்த பிறகுதான் கேட்க முடியும். மறந்துபோய் விட்ட வசதி இல்லை இது. ஒரே அப்ளிகேஷன் பல பெயர்களில், பல போர்ட்களில் தெரியக்கூடும் என்பதால் தொடக்கத்தில் சொல்ல ஒரே பதில் கிடையாது. கான்டெக்ஸ்ட் பாதைகூட ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கலாம் என்று சர்வ்லெட் ஆவணமே எச்சரிக்கிறது.

அப்படியானால் முதல் ரிக்வெஸ்ட் வரும்வரை பொறுத்திருந்து, அதில் இருக்கும் ஹோஸ்ட் தலைப்பைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளலாமே? நான் அதிகமாகப் பார்த்த வழி இதுதான். அதிகக் கேடு செய்வதும் இதுதான். முதல் ரிக்வெஸ்ட் யாரிடமிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மனிதரிடமிருந்து வருவதில்லை. உயிரோடு இருக்கிறாயா என்று லோட் பேலன்சர் தட்டிப் பார்க்கும் ஹெல்த் செக்தான் முதலில் வரும். அது உள்வலை ஐபியையும் போர்ட்டையுமே ஹோஸ்டாக அனுப்புவது வழக்கம். சர்வர் அதையே தன் முகவரி என்று எடுத்துக்கொண்டு, அன்று முழுக்க அதையே அச்சடிக்கும். அக்காவின் பில்லில் இருந்த எண் இப்படி வந்ததாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இது தொல்லையோடு நின்றால் பரவாயில்லை, பாதுகாப்புக்கும் ஆபத்து. ஹோஸ்ட் தலைப்பின் கதையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். எச்டிடிபியின் தொடக்கக் காலத்தில் பிரௌசர் பாதையை மட்டும் அனுப்பும், டொமைன் பெயரை அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே ஐபியில் பல தளங்களை வைக்க வேண்டிய தேவை வந்தபோது, 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 வரையறை, ஆர்எஃப்சி 2068, ஹோஸ்ட் தலைப்பைக் கட்டாயமாக்கியது. அது இல்லாத ரிக்வெஸ்டுக்கு 400 என்று பிழை சொல்ல வேண்டும். ஆனால் கவனியுங்கள், அந்தத் தலைப்பில் இருப்பது வந்தவர் சொன்ன பேச்சு. அதற்கு அத்தாட்சி எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அதில் எழுதி அனுப்பலாம்.

அதை நம்பி பாஸ்வேர்டு மாற்றும் லிங்கைச் செய்தால் என்ன ஆகும்? திருடன் உங்கள் தளத்துக்குப் போய், உங்கள் வாடிக்கையாளரின் மின்னஞ்சலைக் கொடுத்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்கிறான். ரிக்வெஸ்டின் ஹோஸ்ட் தலைப்பில் தன் டொமைனைப் போட்டுவிடுகிறான். உங்கள் சர்வர் நேர்மையாக மின்னஞ்சல் அனுப்புகிறது. அனுப்புநர் பெயர் சரி, எழுத்து சரி, லோகோ சரி, லிங்க் மட்டும் திருடனின் டொமைனுக்குப் போகிறது. வாடிக்கையாளர் அழுத்தினால், பாஸ்வேர்டை மாற்றும் ரகசியத் துண்டு திருடன் கையில். இது கற்பனை இல்லை. பைத்தான் உலகில் பெரிதும் புழங்கும் ஜாங்கோவில் இதே வகைக் குறைக்காக 2012 அக்டோபரில் 1.3.4, 1.4.2 பதிப்புகள் வந்தன. 2013 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பிலிருந்து, எந்தெந்த ஹோஸ்ட் பெயர்களை ஏற்கலாம் என்ற பட்டியலைக் கொடுத்தாக வேண்டும் என்று ஆனது. அதே ஆண்டு மே மாதம் ஜேம்ஸ் கெட்டில் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஹோஸ்ட் தலைப்புத் தாக்குதல்களை விரிவாக எழுதி, பல மென்பொருள்களில் இந்த ஓட்டை இருப்பதைக் காட்டினார்.

முன்னால் நிற்கும் பிராக்ஸி, மூல முகவரியைத் தனித் தலைப்புகளில் எழுதி அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம். எக்ஸ்-ஃபார்வர்டட் என்று தொடங்கும் தலைப்புகள் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. 2014 ஜூனில் ஆர்எஃப்சி 7239 இதற்கு ஒரு பொதுத் தரத்தையும் தந்தது. ஆனால் அவற்றையும் யாரும் பொய்யாக எழுதி அனுப்பலாம். உங்கள் சொந்த பிராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டுமே நம்பலாம். அப்போதும்கூட, அதிகாலை 2 மணி வேலைக்கு அவை உதவாது.

நம் நாட்டு நிலவரம் இந்த விஷயத்தை இன்னும் இறுக்கிவிட்டது. 2018-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிகளின்படி, வணிக எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனங்கள் டிஎல்டி எனப்படும் பதிவுத் தளத்தில் தங்கள் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், செய்திக்குள் இருக்கும் லிங்கும் முன்பே பதிவாகி அனுமதி பெற்றிருக்க வேண்டும். பதிவில் இல்லாத லிங்க் இருந்தால் தொலைபேசி நிறுவனம் அந்தச் செய்தியைத் தடுத்துவிடும். மோசடி லிங்குகளால் ஏழை எளியவர்கள் பணம் இழப்பதைத் தடுக்க வந்த நல்ல விதி இது. இதன் பொருளை நம் தொழில் கண்ணால் பாருங்கள். இந்தியாவில் எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு சர்வரின் வெளிமுகவரி, கோட் ஓடுவதற்கு முன்பே, ஒரு பதிவேட்டில் எழுத்தாக ஏறிவிடுகிறது. சர்வர் தன் ஊகத்தால் வேறொன்றைச் செய்தால் செய்தி போய்ச் சேராது. போகாத செய்தியைப் பற்றி அதைப் பெற வேண்டியவர் புகார் சொல்லவும் முடியாது, வரவேண்டிய செய்தி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது.

லாகினிலும் இதே கதை. ஓஆத் முறையில் திரும்பி வரும் முகவரியை முன்பே பதிவு செய்ய வேண்டும். 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700, பதிவு செய்ததும் வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்கிறது. கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் கதவு திறக்காது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உலகம் முழுக்க விற்கும் ஜோஹோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மென்பொருள் அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா என்று பிராந்தியத்துக்கு ஒரு டேட்டா சென்டரில், பிராந்தியத்துக்கு ஒரு டொமைனில் ஓடுகிறது. ஒரு வாடிக்கையாளரின் தரவை எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்பதை, அவருக்கு அனுமதிச் சாவி கொடுக்கும் பதிலிலேயே சேர்த்து எழுதித் தந்துவிடுகிறார்கள். கூப்பிடுபவர் ஊகிக்க வேண்டியதில்லை. நம்மூர் அனுபவத்திலிருந்து வந்த பாடம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: முகவரி என்பது யாரோ ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டிய தகவல்.

தமிழ் டொமைன் பெயர்களையும் மறந்துவிடாதீர்கள். புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் என்று மூன்று நாடுகளுக்குத் தமிழ் எழுத்திலேயே மேல்நிலை டொமைன் உண்டு. நாளை உங்கள் வாடிக்கையாளர் தமிழில் பெயர் எடுத்து வரலாம். டிஎன்எஸ்ஸுக்குள் அது பியூனிகோட் என்ற முறையில் ரோமன் எழுத்துகளும் எண்களுமாக மாறித்தான் போகும். 2003-இல் ஆர்எஃப்சி 3492 வகுத்த முறை அது. திரையில் காட்ட ஒரு வடிவம், ஒப்பிட ஒரு வடிவம் என்று உங்கள் கோடில் தெளிவாக இருந்தால்தான் நம் மொழிப் பெயர் நம் சர்வரில் சிக்கலின்றி ஓடும்.

நல்ல மென்பொருள்கள் இந்த விஷயத்தில் கறாராக இருக்கின்றன. ரூபி ஆன் ரெயில்ஸில் மின்னஞ்சலுக்குள் முழு லிங்க் போட முயன்று, ஹோஸ்ட் எது என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால், அது ஊகிக்காது. ஹோஸ்ட் இல்லை என்று பிழை சொல்லி நின்றுவிடும். லாகின் வேலையைச் செய்யும் கீகிளோக், உற்பத்தி நிலையில் ஹோஸ்ட்நேம் கொடுக்காமல் தொடங்கச் சொன்னால் தொடங்க மறுக்கும். மஸ்டொடானில் டொமைன் பெயரை அமைக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு மாற்றினால் பிற சர்வர்களுடனான உறவே அறுந்துபோகும் என்று அதன் ஆவணம் எச்சரிக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஜாங்கோவின் சைட்ஸ் வசதியைச் சொல்லலாம். அதன் தொடக்க மதிப்பு எக்ஸாம்பிள் டாட் காம். மாற்ற மறந்தால் ஒரு பிழையும் வராது, வாடிக்கையாளருக்கு எக்ஸாம்பிள் டாட் காம் என்று லிங்க் போகும். பிழை சொல்லி நிற்கும் மென்பொருள் நம்மைத் திட்டுவதுபோலத் தோன்றலாம். அது திட்டுவது நம்மை மட்டும்தான், நம் வாடிக்கையாளரை அலையவிடுவதில்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவை.

ஒன்று. சர்வர் காது கொடுக்கும் முகவரியையும், உலகுக்குத் தெரியும் முகவரியையும் கான்ஃபிக்கில் இரண்டு தனித்தனிப் பெயர்களில் வையுங்கள். முதலாவது 0.0.0.0-ஆக இருக்கட்டும், 8080-ஆக இருக்கட்டும், அது உள்வீட்டு விஷயம். இரண்டாவது நான்கு துண்டுகளும் சேர்ந்த ஒரே வரி. அது சூழல் மாறியாக வெளியிலிருந்து வரட்டும். கோடுக்குள் எழுதிவிட்டால், சோதனை சர்வரும் உண்மையான சர்வரும் ஒரே முகவரியைச் சொல்லிக்கொண்டு திரியும்.

இரண்டு. தொடங்கும்போதே அந்த வரியைச் சோதியுங்கள். காலியாக இருக்கிறதா? உற்பத்தி நிலையில் எச்டிடிபிஎஸ் இல்லாமல் இருக்கிறதா? லோக்கல்ஹோஸ்ட் என்றோ, 10, 192.168 என்று தொடங்கும் உள்வலை எண்ணாகவோ இருக்கிறதா? கடைசியில் சாய்கோடு தொங்குகிறதா? ஒன்று தவறினாலும், என்ன குறை, எந்த மாறியைத் திருத்த வேண்டும் என்று ஒரு தெளிவான வரி எழுதிவிட்டு சர்வர் நின்றுவிடட்டும். எல்லாம் சரியென்றால், ‘இந்த முகவரியில் சேவை தொடங்குகிறது’ என்று லாகில் ஒரு வரி எழுதட்டும். ஏற்றுபவர் கண்ணில் அது படும்.

மூன்று. வெளியே போகும் லிங்குகளைச் செய்ய கோடில் ஒரே ஒரு ஃபங்ஷன் இருக்கட்டும். மின்னஞ்சல், எஸ்எம்எஸ், க்யூஆர் எல்லாம் அதன் வழியாகவே போகட்டும். ரிக்வெஸ்டில் வரும் ஹோஸ்ட் தலைப்பை, அனுமதித்த பட்டியலோடு ஒப்பிட்டு ஏற்கவோ மறுக்கவோ மட்டும் பயன்படுத்துங்கள். லிங்க் செய்ய ஒருபோதும் வேண்டாம்.

நான்கு. ஏற்றி முடித்ததும், அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் போனின் டேட்டாவில் ஒரு லிங்கைத் திறந்து பாருங்கள். அலுவலக வலைக்குள் இருந்தால் உள்வலை எண்கூடத் திறந்து உங்களை ஏமாற்றிவிடும். சர்வரே தொடக்கத்தில் தன் வெளிமுகவரியைக் கூப்பிட்டுச் சோதிக்கட்டும் என்று சிலர் செய்வதுண்டு. அது சரிவராது. தொடங்கி முடிக்காத சர்வரிடம் லோட் பேலன்சர் ஆளை அனுப்பாது. அந்த அழைப்பு பழைய சர்வருக்குப் போய் ‘எல்லாம் நலம்’ என்று பொய்ச் சான்று வாங்கி வரும், அல்லது யாரும் இல்லாமல் தோற்றுவிடும். இந்தச் சோதனை ஏற்றி முடித்த பிறகு, வெளியிலிருந்து செய்ய வேண்டியது.

இரண்டு விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். தானியங்கிச் சோதனைகளில் போர்ட் எண்ணை 0 என்று கொடுத்து, காலியாக உள்ள எதையாவது இயங்குதளமே தரட்டும் என்று விடுவோம். அப்போது போர்ட் திறந்த பிறகு அதன் எண்ணைக் கேட்டு வாங்குவதுதான் முறை. ஸ்பிரிங் பூட் போன்றவை இதற்கென்றே ஒரு நிகழ்வை அறிவிக்கின்றன. அங்கே கூப்பிடுவதும் கேட்பதும் ஒரே எந்திரம் என்பதால் ஆபத்தில்லை. இன்னொன்று, ஒரே சர்வர் பல பள்ளிகளுக்கு அவரவர் டொமைனில் ஓடும் நிலை. அப்போது ஒரு வரி போதாது. எந்தப் பள்ளிக்கு எந்த டொமைன் என்று, உரிமையாளர் உறுதி செய்த பட்டியல் டேட்டாபேஸில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலும் மனிதர் எழுதிக் கொடுத்ததுதான். கொள்கை மாறவில்லை.

டொமைன் மாறினால் கான்ஃபிக்கை மாற்றி சர்வரை மறுபடி தொடங்க வேண்டுமே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். டொமைன் மாறுவது பெரிய காரியம். டிஎல்டி பதிவை மாற்ற வேண்டும், பேமெண்ட் கேட்வேயில் மாற்ற வேண்டும், லாகின் தரும் நிறுவனத்திடம் மாற்ற வேண்டும், பழைய டொமைனை விட்டுவிடாமல் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். ஏனென்றால் அச்சடித்த பில்லும் ரசீதும் வீட்டுப் பீரோக்களில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அவ்வளவையும் செய்பவருக்கு ஒரு வரியை மாற்றி சர்வரைத் தொடங்குவது பெரிய பாரம் இல்லை.

நம் பகுதியில் லிங்க் திறக்காவிட்டால் வாடிக்கையாளர் புகார் எழுதுவதில்லை. தன் போன் பழசு என்றும், தனக்குப் படிப்பு போதவில்லை என்றும் நினைத்துக்கொண்டு, பஸ் ஏறி நேரில் போகிறார். நம் தவறின் செலவை அவர் ஏற்கிறார், அதற்கு வெட்கமும் படுகிறார். இது நியாயம் இல்லை. கண்ணதாசன் நகரில் நின்று ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிற முதியவருக்கு 443-உம் 8080-உம் தெரிய வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்கள் ஏற்றி வைத்திருக்கும் ஒவ்வொரு சர்வீஸின் கான்ஃபிக்கையும் திறந்து, அதன் வெளிமுகவரி ஒரு வரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதுங்கள். பிறகு அந்த வரியை நீக்கிவிட்டு, சோதனைச் சூழலில் சர்வரைத் தொடங்கிப் பாருங்கள். அது தொடங்க மறுத்தால் உங்கள் வேலை முடிந்தது. தொடங்கிவிட்டால், முடியவில்லை.

அன்புடன்,
கொடுங்கையூரிலிருந்து உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவன்